களைத்த கால்கள்

பந்தயத்தில் தோற்றவன் சொல்லும் சமாதானங்களை உலகம் கேட்பதில்லை. "தரை சரியில்லை", "நடுவர் சரியில்லை", "ராத்திரி தூக்கமில்லை" என்று அவன் எதைச் சொன்னாலும், 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்ற பழமொழியைச் சொல்லி வாயை அடைத்துவிடுகிறோம். பழமொழி சரிதான். ஆனால் கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்த சந்தர்ப்பங்களும் உலகத்தில் உண்டு.

கனடாவிலும் அமெரிக்காவிலும் ஜனங்கள் பைத்தியமாகப் பார்க்கும் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் சரித்திரத்தைப் படித்தபோது எனக்கு அடிக்கடி தோன்றிய எண்ணம் இது. அந்தச் சரித்திரத்தில் வீரர்கள் உண்டு. வெள்ளிக் கோப்பைகள் உண்டு. மயிரிழையில் தப்பிய வெற்றிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் பின்னால், எங்கோ ஓர் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, எந்தக் குழு எந்தத் தேதியில் எந்த ஊரில் ஆட வேண்டும் என்று அட்டவணை போடும் மனிதரும் உண்டு. பனிக்கட்டியில் ஒரு நாளும் கால் வைக்காத அந்த மனிதர் எத்தனையோ பந்தயங்களின் முடிவில் கை வைத்திருக்கிறார்.

ஆட்டத்தைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வழவழவென்று உறைந்த பனிக்கட்டித் தளத்தில், அடியில் இரும்பு அலகு பொருத்திய ஜோடுகளை மாட்டிக்கொண்டு சறுக்கியபடி ஆடும் ஆட்டம் இது. பந்து கிடையாது, கெட்டியான ரப்பர் வட்டு ஒன்றுதான். கோல்கீப்பரையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். இருபது இருபது நிமிஷமாக மூன்று பகுதிகள். குதிரை வேகத்தில் வந்து ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்ளலாம். அதற்கு விதி இடம் கொடுக்கிறது. இந்த வேகத்தை எந்த மனித தேகமும் வெகு நேரம் தாங்காது. ஆகையால் இன்று ஓர் ஆட்டக்காரர் முக்கால் நிமிஷம் போலத் தளத்தில் இருந்துவிட்டு, பக்கத்துச் சுவரைத் தாண்டி வந்து பெஞ்சியில் உட்கார்ந்துகொள்கிறார். அவர் இடத்தில் இன்னொருவர் குதிக்கிறார். ஆட்டம் நிற்பதில்லை.

ஆரம்ப நாட்களில் இந்த மாற்று ஏற்பாடெல்லாம் கிடையாது. பக்கத்துக்கு ஏழு பேர் இறங்குவார்கள். ஒரு மணி நேர ஆட்டம் முழுவதையும் அந்த ஏழு பேரே ஆடி முடிப்பார்கள். அந்தக் காலத்துக் கதை ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கனடாவின் வடமேற்கு மூலையில், யூகான் பிரதேசத்தில் டாஸன் என்று ஓர் ஊர். 1890-களின் பிற்பகுதியில் அந்தப் பக்கத்தில் தங்கம் அகப்பட்டது. ஜனங்கள் ஈசல் போல வந்து மொய்த்தார்கள். தங்கம் குறைந்ததும் ஈசல் போலவே மறைந்தும் போனார்கள். மிச்சம் இருந்தவர்களில் ஜோ பாயில் என்பவர் பெரிய துணிச்சல்காரர். ஊரில் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தவர்களைச் சேர்த்து, தலைநகரான ஆட்டவாவின் குழுவுக்குச் சவால் விட ஏற்பாடு செய்தார். பந்தயப் பொருள் ஸ்டான்லி கோப்பை. கவர்னர் ஜெனரல் ஸ்டான்லி பிரபு 1892-ல் அளித்தது. அந்த நாளில் எந்த ஊர்க் குழுவும் கோப்பையை வைத்திருக்கும் குழுவுக்குச் சவால் அனுப்பலாம். ஆட்டம் பெயரளவிலாவது அமெச்சூர் ஆட்டமாக இருந்த காலம் அது.

1904-ஆம் வருஷம் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் டாஸன்காரர்கள் புறப்பட்டார்கள். ரயில் பிடிப்பதற்கே முதலில் வொயிட்ஹார்ஸ் என்ற ஊருக்குப் போக வேண்டும். சுமார் 330 மைல். சிலர் நாய்கள் இழுக்கும் பனிவண்டியோடு கிளம்பினார்கள். சிலர் சைக்கிளில் கிளம்பினார்கள். சைக்கிள்கள் வழியிலேயே பழுதாகி நின்றன. பிறகு நடைதான். வொயிட்ஹார்ஸிலிருந்து ரயிலில் ஸ்காக்வே துறைமுகத்துக்கு வந்தால், கப்பல் போய்விட்டிருந்தது. அடுத்த கப்பலுக்குக் காத்துக் கிடந்து, ஸியாட்டில் வந்து, அங்கிருந்து வான்கூவர் போய், கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைப் பக்கம் ரயிலில் பிரயாணம் செய்து ஆட்டவாவில் இறங்கினார்கள். மொத்தம் சுமார் 4,000 மைல். மூன்று வாரத்துக்கு மேல் பிரயாணம். இறங்கிய ஓரிரு நாளில், ஜனவரி 13-ஆம் தேதி, ஆட்டம். "சில நாட்கள் தள்ளிப் போடக் கூடாதா?" என்று கேட்டுப் பார்த்தார்கள். முடியாது என்று பதில் வந்தது.

முதல் ஆட்டத்தில் ஆட்டவா 9, டாஸன் 2. இரண்டாவது ஆட்டம் ஜனவரி 16-ல். ஆட்டவாவில் பிராங்க் மக்கீ என்று ஒரு வீரர். ஒரு கண் பார்வையை இழந்தவர். முதல் ஆட்டத்தில் அவர் ஒரே ஒரு கோல்தான் போட்டார். 'மக்கீ மக்கீ என்கிறார்களே, இவ்வளவுதானா?' என்று டாஸன் பக்கத்தில் யாரோ இளக்காரமாகச் சொன்னதாகக் கதை. இரண்டாவது ஆட்டத்தில் மக்கீ ஒருவரே 14 கோல் போட்டார். ஆட்டவா 23, டாஸன் 2.

களைப்பினால் மட்டுமே டாஸன் தோற்றது என்று சொல்ல மாட்டேன். ஆட்டவா குழு அந்தக் காலத்தில் யாரையும் தோற்கடிக்கக் கூடியது. டாஸன்காரர்கள் ஒரு மாதம் படுத்துத் தூங்கிவிட்டு வந்திருந்தாலும் தோற்றுத்தான் இருப்பார்கள். ஆனால் 23 கோல் வாங்கியிருப்பார்களா? இருவருக்கும் உள்ள திறமை வித்தியாசம் எவ்வளவு, 4,000 மைலின் வித்தியாசம் எவ்வளவு என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. களைப்பு செய்யும் அநியாயமே அதுதான். தோல்வியில் தன் பங்கு எவ்வளவு என்று அது கணக்குக் காட்டுவதில்லை. பழி முழுவதும் ஆட்டக்காரன் தலையில் விழுகிறது.

1917-ஆம் வருஷம் நவம்பர் மாதம் மாண்ட்ரீல் நகரத்து ஹோட்டல் ஒன்றில் கூடி, சில குழுச் சொந்தக்காரர்கள் நேஷனல் ஹாக்கி லீக் என்ற சங்கத்தை ஏற்படுத்தினார்கள். அதோடு ஆட்டம் வியாபாரமாகிவிட்டது. வியாபாரம் என்றால் லாபம். லாபம் என்றால் டிக்கெட். அதிக டிக்கெட் என்றால் அதிக ஆட்டம். முன்பெல்லாம் இதற்கு இயற்கையே ஓர் எல்லை வைத்திருந்தது. பனிக்காலம் முடிந்தால் பனிக்கட்டி உருகிவிடும், ஆட்டமும் முடிந்துவிடும். யந்திரத்தினால் பனிக்கட்டி செய்யும் வித்தை பரவியதும் அந்த எல்லை அழிந்தது. வெளியே மரங்கள் துளிர் விட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே கெட்டியான பனித் தளம் தயாராக இருந்தது. தளத்தை உருகாமல் பார்த்துக்கொள்ள யந்திரம் வந்தது. கால்களுக்கு அப்படி ஒரு யந்திரம் வரவில்லை.

சில ஆண்டுகள் ஒரு பருவத்துக்கு 24 ஆட்டம் என்று இருந்தது. 1924-25 பருவத்தில் அதை 30 ஆக்கினார்கள். அந்த வருஷம் யாரும் எதிர்பாராத விதமாக, அதுவரை கடைசி இடத்திலேயே கிடந்த ஹாமில்டன் குழு முதல் இடத்துக்கு வந்தது. கோப்பைக்கான இறுதிக் கட்ட ஆட்டங்கள் தொடங்க இருந்த நேரத்தில் அந்தக் குழுவின் ஆட்டக்காரர்கள் ஒன்று சேர்ந்தார்கள். காப்டன் 'ஷார்ட்டி' கிரீன் என்பவர் அவர்கள் சார்பில் பேசினார். 'ஆறு ஆட்டம் கூடுதலாக ஆடியிருக்கிறோம். சம்பளம் பழைய சம்பளம்தான். ஆளுக்கு 200 டாலர் கொடுத்தால் மேற்கொண்டு ஆடுகிறோம். இல்லாவிட்டால் இல்லை' என்பதுதான் கோரிக்கை.

மாதம் நாலு கதை என்று பேசிச் சன்மானம் வாங்கும் எழுத்தாளரிடம், 'இனிமேல் ஐந்து கதை. சன்மானம் மட்டும் பழையபடி' என்று பத்திரிகாசிரியர் சொன்னால் எப்படி இருக்கும்? 24-க்கும் 30-க்கும் உள்ள விகிதம் அதேதான். இந்த நியாயம் எழுத்தாளர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். லீக்கின் தலைவர் பிராங்க் கால்டருக்குப் புரியவில்லை. அல்லது நன்றாகவே புரிந்திருந்தது. இன்று ஹாமில்டனுக்கு இணங்கினால் நாளைக்கு எல்லாக் குழுக்களும் கேட்கும் அல்லவா? ஆட்டக்காரர்களைத் தள்ளிவைத்தார். ஆளுக்கு 200 டாலர் அபராதமும் போட்டார். கேட்ட தொகை எதுவோ அதையே தண்டனையாகவும் விதித்துவிட்டார்!

ஹாமில்டன் இல்லாமலே டொராண்டோவும் மாண்ட்ரீலும் மோதிக்கொண்டன. வெயில் காலத்தில் ஹாமில்டன் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் மொத்தமாக 75,000 டாலருக்கு விற்கப்பட்டார்கள். வாங்கியது நியூயார்க்கில் புதிதாக ஏற்பட்ட குழு. அதன் பின்னால் இருந்தவர் பில் ட்வையர் என்ற கள்ளச் சாராய வியாபாரி. ஹாமில்டன் நகரத்துக்கு நேஷனல் ஹாக்கி லீக் அதற்குப் பிறகு திரும்பி வரவே இல்லை. முதல் இடம் பெற்ற குழு, முதல் இடம் பெற்ற அதே வருஷத்தில் ஊரை விட்டே போயிற்று. அட்டவணையைப் பற்றி ஆட்டக்காரர்கள் கூட்டாக வாய் திறந்ததற்குக் கிடைத்த பலன் இது. நெடுங்காலத்துக்கு வேறு யாரும் அப்படி வாய் திறக்கவில்லை என்பதில் ஆச்சரியம் என்ன?

அட்டவணை மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று. 1926-27-ல் 44 ஆட்டம். 1931-32-ல் 48. 1946-47-ல் 60. 1949-50-ல் 70.

மனித தேகம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு 1936-ஆம் வருஷம் மார்ச் 24-ஆம் தேதி மாண்ட்ரீலில் ஒரு பரீட்சை நடந்தது. டிட்ராய்ட் ரெட் விங்ஸ் குழுவும் மாண்ட்ரீல் மரூன்ஸ் குழுவும் இரவு எட்டரை மணிக்கு ஆடத் தொடங்கின. ஒரு மணி நேர ஆட்டத்தில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. யாராவது ஒரு கோல் போடும் வரையில் இருபது இருபது நிமிஷமாக நீட்டிக்க வேண்டும் என்பது விதி. ஒரு நீட்டிப்பு, இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டே இருந்தது. ஆறாவது நீட்டிப்பில், நடுநிசி தாண்டி 2 மணி 25 நிமிஷத்துக்கு, டிட்ராய்ட் ஒரு கோல் போட்டது. மொத்தம் 176 நிமிஷம் 30 விநாடி. கிட்டத்தட்ட மூன்று முழு ஆட்டங்களை ஒரே இரவில் ஆடியிருக்கிறார்கள்!

அந்தக் கோலைப் போட்டவர் பெரிய நட்சத்திரம் அல்ல. மட் புரூனட்டோ என்ற 21 வயதுப் புதியவர். அந்தப் பருவம் முழுவதிலும் இரண்டே கோல் போட்டிருந்தார். பேர் பெற்றவர்கள் எல்லோரும் கால் ஓய்ந்து நின்ற நேரத்தில், கொஞ்சம் தெம்பு மிஞ்சியிருந்த ஒரு சின்னப் பையன் போதுமானவனாக இருந்தான். நடுநிசிக்கு மேல் திறமையை விடத் தெம்புதான் பெரிய சொத்து.

ஆனால் இதே கதையில் களைப்பின் கணக்குக்கு அடங்காத ஒரு மனிதரும் இருக்கிறார். டிட்ராய்ட் கோல்கீப்பர் நார்மி ஸ்மித், அன்று இரவு எதிரியின் சுமார் 90 அடிகளைத் தடுத்தவர். இரண்டே நாள் கழித்து அடுத்த ஆட்டம். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத நிலையில் இருந்திருக்க வேண்டிய அந்த மனிதர், அந்த ஆட்டத்திலும் ஒரு கோல்கூட விடவில்லை. டிட்ராய்ட் 3, மாண்ட்ரீல் 0. அந்த வருஷம் டிட்ராய்ட் முதல் தடவையாக ஸ்டான்லி கோப்பையை வென்றது. மனிதனைப் பற்றி விதி வகுக்க நினைப்பவர்களுக்கு இப்படிப்பட்ட ஆசாமிகள்தான் தொந்தரவு. கதை எழுதுகிறவர்களுக்கோ இவர்கள்தான் மூலதனம்.

1942-லிருந்து 1967 வரையில் லீக்கில் ஆறே குழுக்கள். மாண்ட்ரீல், டொராண்டோ, பாஸ்டன், நியூயார்க், டிட்ராய்ட், சிகாகோ. சனிக்கிழமை இரவு கனடாவில் ஓர் ஆட்டம், முடிந்ததும் வியர்வை உலர்வதற்குள் ஸ்டேஷனுக்கு ஓட்டம், ரயிலில் தூக்கம், ஞாயிற்றுக்கிழமை இரவு அமெரிக்க நகரம் ஒன்றில் இன்னோர் ஆட்டம். இரவு மோதிக்கொண்ட இரண்டு குழுக்களுமே அதே ரயிலில் வேறு வேறு பெட்டிகளில் போவதும் உண்டு. ரயில்தான் அப்போது உண்மையான நடுவர். யுத்த காலத்தில் ரயில்களுக்கு நெருக்கடி வந்ததும், 1942 நவம்பரில், சாதாரண ஆட்டங்களில் நீட்டிப்பு நேரத்தையே எடுத்துவிட்டார்கள். ரயிலைத் தவறவிடக் கூடாது என்பதற்காக எடுத்த அந்த விதி 1983-ல்தான் திரும்பி வந்தது.

எல்லாரையும் விட அதிகச் சுமை கோல்கீப்பருக்குத்தான். மற்றவர்கள் மாறி மாறி இறங்கினார்கள். அவருக்கு மாற்று இல்லை. டிட்ராய்ட்டுக்கும் பிறகு சிகாகோவுக்கும் ஆடிய கிளென் ஹால் 1955-லிருந்து 1962 நவம்பர் வரையில் தொடர்ந்து 502 ஆட்டங்கள் ஆடினார். அதுவும் முகமூடி இல்லாமல். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் அவருக்கு வாந்தி வரும். வாய் கொப்பளித்துவிட்டுத் தளத்தில் இறங்குவார். கடைசியில் முதுகுவலி வந்து நிறுத்தியது. 502 என்பதை ஜனங்கள் வீரத்தின் கணக்காகப் படிக்கிறார்கள். 'ஏன் இன்னொருவரை வைத்துக்கொள்ளவில்லை?' என்று கேட்டால், அதுவே சிக்கனத்தின் கணக்காகவும் ஆகிவிடுகிறது.

1965-66 முதல் ஒவ்வொரு குழுவும் இரண்டு கோல்கீப்பர்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. அதன் நன்மையை டொராண்டோ முன்கூட்டியே கண்டுகொண்டிருந்தது. 1967-ல் அந்தக் குழு ஸ்டான்லி கோப்பையை வென்றபோது கோல் காத்தவர்கள் இருவர்: 42 வயது ஜானி பவர், 37 வயது டெர்ரி ஸாச்சக். தனித்தனியே பார்த்தால் ஓய்வு பெற வேண்டிய வயது. சுமையைப் பகிர்ந்துகொண்டதால் இரண்டு கிழவர்களும் சேர்ந்து இளமைத் துடிப்புள்ள மாண்ட்ரீலை மடக்கினார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பதை அந்த வருஷம் டொராண்டோ நிரூபித்தது.

அத்தோடு அந்தக் காலம் முடிந்தது. 1967 இலையுதிர் காலத்தில் ஆறு குழுக்கள் பன்னிரண்டாயின. லாஸ் ஏஞ்சல்ஸ், ஓக்லண்ட் என்று பஸிபிக் கரை வரையில் லீக் நீண்டது. ரயில் போய் விமானம் வந்தது. 'நல்லதுதானே, பிரயாண நேரம் குறைந்துவிட்டதே!' என்று தோன்றும். குறைந்த நேரத்தை அட்டவணை சும்மா விடவில்லை. அந்தப் பருவத்தில் ஆட்டங்கள் 74 ஆயின, 1974-75-ல் 80. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் கடிகாரத்தில் மூன்று மணி வித்தியாசம். விமானம் மனிதனை ஐந்தாறு மணியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. அவன் தூக்கமும் பசியும் பின்னாலேயே மெதுவாக நடந்து வருகின்றன.

இந்தச் சரித்திரம் முழுவதிலும் எனக்குத் தெரியும் உண்மை ஒன்றே ஒன்று. கால்களுக்கு ஓய்வு கிடைக்க ஒவ்வொரு தடவை வழி பிறந்தபோதும், அந்த ஓய்வை அட்டவணை வந்து வாங்கிக்கொண்டு போயிற்று. மாற்று ஆட்டக்காரர்கள் வந்தார்கள், ஆட்டங்கள் பெருகின. இரண்டாவது கோல்கீப்பர் வந்தார், ஆட்டங்கள் பெருகின. விமானம் வந்தது, அப்போதும் ஆட்டங்கள்தான் பெருகின.

களைப்பு தளத்தில் எப்படி வெளிப்படுகிறது? யாரும் மயங்கி விழுவதில்லை. கடுமையாக ஓடித் தசைகளில் தீர்ந்துபோன சக்திச் சேமிப்பு மறுபடியும் நிரம்ப ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். தொடர்ந்து இரண்டு இரவு ஆடும் குழுவுக்கு அந்த அவகாசம் இல்லை. எதிராளியைத் துரத்திப் பிடிக்க அரை அடி குறைகிறது. கால் எட்டாத இடத்துக்குக் கையில் இருக்கும் கோல் நீளுகிறது. எதிராளி தடுக்கி விழுகிறான். நடுவர் குற்றம் சொல்லி இரண்டு நிமிஷம் வெளியே உட்கார வைக்கிறார். மறுநாள் பத்திரிகையில் 'ஒழுங்கற்ற ஆட்டம்' என்று எழுதுகிறார்கள். அது ஒழுக்கக் குறைவு அல்ல, தூக்கக் குறைவு. இரண்டாம் நாள் ஆட்டத்தில், முக்கியமாக முந்தின இரவு ஓய்வெடுத்த குழுவை எதிர்க்கும்போது, தோல்வி கூடுகிறது என்பது லீக்கில் எல்லோரும் அறிந்ததே. அதனால்தான் அன்று பெரும்பாலும் இரண்டாவது கோல்கீப்பரை இறக்குகிறார்கள்.

களைப்பின் பலத்தை லீக்கே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதற்கு ஒரு விதி போதும். நெருக்கடியில் இருக்கும் குழு தப்பிப்பதற்காக, தன் பாதித் தளத்திலிருந்தே வட்டை எதிர்க்கோடியைத் தாண்டி அடித்துவிட்டால் அது குற்றம். 2005-06 முதல் அதற்கு ஒரு கூடுதல் தண்டனை: அந்தக் குழு ஆட்டக்காரர்களை மாற்றக் கூடாது. மூச்சிரைத்து நிற்பவர்களே அப்படியே மேற்கொண்டு ஆட வேண்டும். அபராதம் இல்லை, வெளியேற்றம் இல்லை. ஓய்வை மறுப்பதே தண்டனை. களைப்பு ஆட்டத்தின் முடிவை மாற்றும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஆட்டக்காரர்களின் நிலையும் மாறாமல் இல்லை. 1957-ல் டிட்ராய்ட் வீரர் டெட் லிண்ட்ஸே ஒரு சங்கம் அமைக்கப் பார்த்தார். அவரைச் சிகாகோவுக்கு மாற்றி அனுப்பிவிட்டார்கள். 1967-ல் சங்கம் நிலைத்தது. இன்று ஆட்டக்காரர்களுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம். கட்டாய ஓய்வு நாட்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கின்றன. 1995-96 முதல் பல வருஷங்கள் ஒரு பருவத்துக்கு 82 ஆட்டம் என்று நிலைத்திருந்தது. 2025-ல் லீக்கும் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 2026-27 பருவம் முதல் அது 84. அதற்கு ஈடாக, பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களைக் குறைத்திருக்கிறார்கள்.

1925-ல் ஆறு ஆட்டங்களைக் கேட்காமல் தலையில் கட்டினார்கள். கூலி கேட்டவர்களை ஊரோடு விற்றார்கள். நூறு வருஷத்துக்குப் பிறகு இரண்டு ஆட்டங்களைச் சேர்க்க ஆட்டக்காரர்களின் சம்மதம் தேவைப்பட்டது. இது சின்ன முன்னேற்றம் அல்ல. தன் களைப்புக்குத் தானே விலை பேசும் உரிமை மனிதனுக்குக் கிடைத்திருக்கிறது. அந்த 200 டாலரைக் காணாமலே போன ஹாமில்டன்காரர்களுக்கு இதில் பங்கு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் எந்த ஒப்பந்தமும் கால்களோடு கையெழுத்துப் போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு மூன்றாம் பகுதியில், எதிராளியைத் துரத்தும் ஆட்டக்காரனுக்கு அரை அடி குறையத்தான் குறையும். அடுத்த முறை ஒரு குழு தோற்ற செய்தியைப் படித்தால், அந்தக் குழு முந்தின இரவு எந்த ஊரில் ஆடியது என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆடத் தெரியாதவள் சொல்வதை நம்ப வேண்டாம். கூடத்தை மட்டும் ஒரு முறை அளந்து பார்ப்பதில் தவறில்லை.